ஐந்து நிமிடம் முப்பது விநாடி

தன் வாழ்நாளில் எந்தத் தராசும் தன்னை ஏமாற்றியதில்லை என்று அளவுக்காரர் மார்தட்டிக்கொள்வார். பொய்யில்லை. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுகிற அரசாங்க உத்தியோகம் அவருக்கு. இருபத்தெட்டு வருட சேவை. அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், பழக்கடைக்காரர் அவசரமாகத் தட்டைத் துடைப்பார். கறிக்கடைக்காரர் தட்டின்மேல் மறந்து வைத்த கட்டைவிரலை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். எதைக் கையில் கொடுத்தாலும் ஒரே குலுக்கலில் எடை சொல்லிவிடுவார் மனிதர். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில்கூட வாங்கி ஏந்தி, "மூணு கிலோ நூத்திப்பத்து" என்று சொல்லிவிட்டுத்தான் யார் ஜாடை என்று பார்ப்பார்.

வீட்டிலும் அப்படியே. தேநீரில் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

"அந்த நாக்கை வச்சுக்கிட்டு ஒரு நாளாவது சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு கண்டுபிடிங்களேன்" என்பாள் மனைவி.

அது மட்டும் அவரால் முடிந்ததில்லை. சமையலறை அவருக்கு வெளிநாடு. தண்ணீர் குடிக்கப் போவார், குடித்ததும் திரும்பிவிடுவார்.

அந்த வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மைக்ரோவேவ் வந்தது. புதன்கிழமை பேச்சு வந்தது.

பெட்டியை வாங்கிவந்தவள் மனைவி. பால் சுடவைக்க என்றாள். அளவுக்காரர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். விநாடி காட்டும் எண்கள். உள்ளே வட்டமாகச் சுழலும் கண்ணாடித் தட்டு. தட்டு என்று ஒன்று இருந்தாலே அவருக்கு அதன்மேல் ஒரு பாசம். "பரவாயில்லையே, நம்ம இனம்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை மாலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என்னங்க, ஒரு விஷயம்."

"ஆறு மணிக்கு நான் கீழே இருக்கணும். சீக்கிரம் சொல்லு."

"நாடக அரங்கத்துல உடை அறையைப் பார்த்துக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. தலைமைப் பொறுப்பு."

"கேக்காம என்ன? நீ தைக்கலைன்னா அங்க ராஜாவுக்கும் காவல்காரனுக்கும் வித்தியாசம் தெரியாதே."

"சாயங்கால வேலைங்க. அஞ்சுலேர்ந்து ஒம்பது வரைக்கும். வாரத்துல அஞ்சு நாள்."

ஒரு காலில் செருப்போடு அவர் நின்றார்.

"அஞ்சுலேர்ந்து ஒம்பதா? அப்போ சாப்பாடு?"

அந்த நாடக அரங்கத்துக்கு இருபத்துநாலு வருடமாக வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறாள் அவள். ராணிக்கு மேலங்கி. திருடனுக்குக் கறுப்புச் சட்டை. பிச்சைக்காரனுக்குக் கிழிசல். கிழிசலைக் கிழிப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்பாள். நிஜமாகவே வறுமை கிழித்த மாதிரி இருக்க வேண்டுமாம். மூட்டை கட்டி அனுப்பிவைப்பாள். திரை விலகும் நேரத்தில் ஒரு நாளும் அவள் அங்கே இருந்ததில்லை. அவள் தைத்ததெல்லாம் மேடை வெளிச்சத்தைப் பார்த்தது. அவள் பார்த்தது அடுப்பு வெளிச்சம்.

"அதாங்க நானும் யோசிச்சேன்" என்றாள் மனைவி. "முடியாதுன்னு எழுதிக் கொடுத்திடலாம்னு இருக்கேன்."

இந்த இடத்தில் அளவுக்காரர் "நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு படியிறங்கியிருக்கலாம். கதையே இல்லாமல் போயிருக்கும். அவருடைய ஆறு மணி அவருக்கே இருந்திருக்கும்.

ஆனால் அவள் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள்.

"சமையல்னா ரெண்டு மணி நேர வேலை. உங்களால எங்க முடியும்? பாவம்."

முடியாது என்றதைக்கூடப் பொறுத்திருப்பார். பாவம் என்றாளே!

"யாரு பாவம்?"

"நீங்கதான்."

"நானா பாவம்? ரெண்டு மணி நேரமாமே, ரெண்டு மணி நேரம்! நீ அங்க பாதி நேரம் கிளர்ற, பாதி நேரம் கரண்டியைத் தேடற. அளவு தெரிஞ்சவனுக்கு அது கால் மணி நேர வேலை."

"கால் மணி நேரத்துல என்னங்க வரும்? வெந்நீர் வரும்."

"மீன் சாப்பாடு வரும்! முழுசா! மீனு, கூட உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி. அதுவும் உன் பால் சுடவைக்கிற பெட்டியிலேயே!"

"விடுங்க. மணி ஆறாகப் போகுது. உங்க செஸ் ஆட்டத்துக்கு நேரமாச்சு."

"ஆட்டம் கிடக்கட்டும்! ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாட்சிக்கு மாமாவைக் கூப்பிடு."

"அப்பாவையா? வேண்டாங்க. ஐஸ் ஃபேக்டரியில முப்பது வருஷம் மீனோட குடித்தனம் பண்ணினவரு. ஏதாவது சொல்லிட்டா உங்க மனசு கஷ்டப்படும்."

"கூப்பிடுங்கறேன்! கால் மணிக்குள்ள மாமா முன்னாடி தட்டை வைக்கிறேன். அவர் தட்டைக் காலி பண்ணினா நான் ஜெயிச்சேன். நீ ஜம்முனு அரங்கத்துக்குப் போ. நேரம் தாண்டினாலோ, அவர் மிச்சம் வச்சாலோ, நான் தோத்தேன். நீ முடியாதுன்னு எழுதிக் கொடு."

"சரிங்க" என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். ஊசியை விளக்குப் பக்கம் தூக்கி நூலைக் கோத்தாள். ஒரே தடவையில் நுழைந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாவிக்காரர் கடை. பூட்டுப் பழுது பார்ப்பவர். தனிக்கட்டை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, சாவிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, செஸ் பலகையை விரித்துவிடுவார். ஆறு முதல் எட்டு வரை அளவுக்காரருக்கு அதுதான் சொர்க்கம். ஆறு வருடமாக ஆடுகிறார்கள். ஆறு வருடமாகச் சாவிக்காரர் ஜெயிக்கிறார். அதனால் என்ன? அந்த இரண்டு மணி நேரம் யாரும் எதற்கும் முத்திரை கேட்க மாட்டார்கள். பித்தளைத் தூள் வாசனையும், சுவரில் தொங்கும் நூற்றுக்கணக்கான சாவிகளின் மெல்லிய கிணுகிணுப்பும், அடுத்து எதை நகர்த்தலாம் என்ற ஒரே ஒரு கவலையும்தான்.

அன்றைக்கு அளவுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சவாலை விவரித்தார். சாவிக்காரர் காதில் சொருகியிருந்த அரத்தை எடுத்துக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கு சார். ஜெயிச்சா என்ன ஆகும்?"

"அவ அரங்கத்துக்குப் போவா."

"போனா?"

"சந்தோஷமா இருப்பா."

"இருக்கட்டும், நல்ல மனுஷி. ஆறு மணிக்கு உங்க வீட்டுல யார் சமைப்பாங்க?"

அளவுக்காரர் பலகையிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்தார். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

"ஆறு மணிக்கு இந்த நாற்காலியில யார் உக்காருவாங்க?"

"ஐயோ" என்றார் அளவுக்காரர்.

"அம்மா முதல்ல என்ன சொன்னாங்க? முடியாதுன்னு எழுதித் தர்றேன்னாங்களா?"

"ஆமா."

"அப்போ நீங்க என்ன சொல்லியிருக்கணும்?"

"சரின்னு."

"அதைச் சொல்லாம?"

"அவ பாவம்னு சொல்லிட்டா ஓய்!"

சாவிக்காரர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "கதவு திறந்துதான் இருந்திருக்கு. நீங்க உள்ள போயி, நல்லா சாத்தி, பூட்டி, சாவியை ஜன்னல் வழியா அம்மாகிட்டக் கொடுத்திருக்கீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"தோத்துடுங்க."

"நானா?"

"ஏன், இங்க தினமும் தோக்கறீங்களே."

"அது வேற. இங்க நான் ஜெயிக்கப் பார்த்துத் தோக்கறேன்."

"அங்க தோக்கப் பார்த்துத் தோத்துடுங்க. மீனை நல்லாக் கருக்குங்க. ஒரு மத்தியானம் மானம் போகும். மிச்ச ஆயுசுக்குச் சாயங்காலம் இருக்கும். எது வேணும்?"

அளவுக்காரர் மனசுக்குள் ஒரு தராசு தூக்கினார். ஒரு தட்டில் மானம். ஒரு தட்டில் சாயங்காலம். அவர் பார்த்த தராசுகளிலேயே அதுதான் அதிகம் ஆடியது. கடைசியில் சாயங்காலத்தின் பக்கம் ஒரு மயிரிழை தாழ்ந்தது.

"தோக்கறேன்" என்றார்.

தோற்பதென்று முடிவானாலும் அதை ஏனோதானோவென்று செய்ய அவருக்கு மனமில்லை. எவ்வளவு தாண்டினால் மீன் கெடும் என்று தெரிய, எவ்வளவில் அது சரியாக வேகும் என்று முதலில் தெரிய வேண்டாமா? வியாழனும் வெள்ளியும் அலுவலகத்திலிருந்து வந்ததும் பெட்டியின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தார். ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, வெப்பமானியை விட்டு, நோட்டில் எழுதினார். அலுவலக நிறுத்துக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் பெட்டியின் கடிகாரம் நிமிடத்துக்கு ஒரு விநாடி மெதுவாக ஓடுவது தெரிந்தது.

"உன் பெட்டி திருட்டுப் பெட்டி. நிமிஷத்துக்கு ஒரு விநாடி அமுக்குது" என்றார் வெற்றிக்களிப்போடு.

"பால் சூடாச்சுன்னா எனக்குப் போதுங்க."

சனிக்கிழமை சின்ன உருளைக்கிழங்கு ஒன்றை அப்படியே உள்ளே வைத்தார். மூன்றாவது நிமிடம் அது வெடித்தது. அவர் பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார்: முதலில் முள்கரண்டியால் குத்த வேண்டும். எழுதியதன் கீழே இரண்டு கோடு போட்டார். அந்தக் கோடுகளைப் போடும்போது அவர் முகத்தில் இருந்தது, தோற்கப் போகிறவனின் முகமில்லை. இதை அவர் கவனிக்கவில்லை. தைத்துக்கொண்டே அவள் கவனித்தாள்.

ஞாயிறு காலை மீன் கடை. கடைக்காரம்மா அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"சார், தராசுக்குப் போன மாசம்தானே முத்திரை போட்டீங்க?"

"இன்னைக்கு நான் ஆபீசர் இல்லம்மா. வீட்டுக்காரன். மீன் வாங்க வந்தேன்."

"அப்புறம் ஏன் எடைக்கல்லைத் தடவிப் பார்க்கறீங்க?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஒரு மூலைத் தட்டில், ஐஸ் உருகிய தண்ணீரில், நேற்றைய மீன் துண்டுகள் சோர்ந்துபோய்க் கிடந்தன. தோற்க நினைப்பவனுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்குமா?

"அதுல அரைக் கிலோ கொடு."

"அதுவா? அது பூனைக்குப் போடறது சார்."

"பரவாயில்ல, கொடு."

"வீட்டுல பூனை வளர்க்கறீங்களா?"

"இல்ல, மாமனார் வர்றாரு."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். முத்திரை போடுகிற ஆபீசர் பூனை மீன் வாங்கி மாமனாருக்குப் போட்டார் என்ற செய்தி மத்தியானத்துக்குள் கடைவீதி முழுக்கப் போய்விடும். இருபத்தெட்டு வருட சேவை அவர் கண்முன்னால் ஒருமுறை வந்து போனது.

"சும்மா சொன்னேம்மா" என்றார். "இருக்கறதுலயே நல்லதைக் கொடு. முள்ளும் தோலும் இல்லாம. துண்டெல்லாம் ஒரே கனமா இருக்கணும்."

நானூற்று எண்பது கிராம். கையில் வாங்கும்போதே தெரிந்தது.

மாமனார் பதினோரு மணிக்கே வந்துவிட்டார். ஒடிசலான மனிதர். முப்பது வருடக் குளிர் உடம்பில் தங்கிவிட்டதோ என்னவோ, வெயிலிலும் கம்பளிக் கையில்லாச் சட்டை போட்டிருப்பார். சமையலறை வாசலில், சாப்பாட்டு மேசையை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுப்பு எங்க மாப்பிள்ளை?"

"இதுதான் மாமா."

"இதுவா? நான் டிவின்னு நினைச்சேன்."

"இதுக்குள்ளதான் மீன் வேகும்."

"நெருப்பு?"

"நெருப்பே கிடையாது."

"நெருப்பில்லாம மீனை வைக்கிறதை நானும் முப்பது வருஷம் பண்ணியிருக்கேன். அது கெடாம இருக்கும். வேகாது."

மனைவி மடியில் ஒரு பச்சைப் பட்டு அங்கியை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தாள். நிறுத்துக்கடிகாரம் அவளிடம் இருந்தது.

"ஆரம்பிக்கலாமாங்க?"

"ம்."

கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

சின்ன உருளைக்கிழங்குகளை முள்கரண்டியால் குத்தினார். கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, பட்டாணியைத் தூவி, ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, ஐந்து நிமிடம். பெட்டி உறுமத் தொடங்கியது. அதற்குள் மீன் துண்டுகளை இன்னொரு பாத்திரத்தில் அடுக்கினார். தடித்த பக்கம் வெளியே, மெலிந்த பக்கம் நடுவே, வால் துண்டின் மெல்லிய நுனி அடியில் மடிப்பு. அப்போதுதான் எல்லாம் ஒன்றுபோல வேகும். நோட்டில் இருந்தது. பூண்டை நசுக்கிப் போட்டார். மிளகு, வெண்ணெய், அரை மூடி எலுமிச்சை.

உப்பு டப்பாவைத் திறந்தபோது அவருக்குத் தன் லட்சியம் நினைவுக்கு வந்தது. உப்பு! ஒரு பிடி உப்புப் போதுமே, மாமனார் முதல் வாயிலேயே எழுந்துவிடுவார். கையை உள்ளே விட்டார். அள்ளினார். அள்ளிய கை அப்படியே நின்றது. முப்பது கிராமுக்குக் குறையாது என்றது கை. ஆறு கிராம் போதும் என்றது அதே கை. கொஞ்சம் கொஞ்சமாக விரல்களைத் தளர்த்தி, ஆறு கிராம் மிஞ்சும்வரை உப்பைத் திருப்பி டப்பாவிலேயே விட்டது. அவர் சொல்லி அது செய்யவில்லை. இருபத்தெட்டு வருடமாக அதற்கு வேறொன்றும் தெரியாது.

பெட்டி கூவியது. உருளைக்கிழங்கு வெளியே வந்தது, கண்ணாடி மூடியோடு மீன் உள்ளே போனது.

இனி கடைசி வாய்ப்பு. நூறு கிராமுக்கு ஒரு நிமிடம் பத்து விநாடி. பெட்டியின் திருட்டைக் கழித்தால் ஐந்து நிமிடம் முப்பது விநாடி. அதுதான் சரியான கணக்கு. ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்து பட்டில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் உடம்பால் பெட்டியை மறைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் என்று அழுத்தினார். மீன் ரப்பராகும். நேரமும் தாண்டும். சாயங்காலம் பிழைத்தது.

தட்டு சுழன்றது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"சுத்துது, லைட் எரியுது" என்றார் மாமனார். "பார்க்க நல்லாத்தான் இருக்கு. சாப்பிட ஏதாவது வருமா?"

"வரும் மாமா."

"நான் ஐஸ் ஃபேக்டரியில இருந்தப்போ ஒருத்தன் இருந்தான். இப்படித்தான், எல்லாத்துக்கும் கணக்குச் சொல்லுவான். கடைசியில அவன் கேட்டுக்குக் காவல் இருந்தான்."

அளவுக்காரர் பல்லைக் கடித்தார். தோற்க வேண்டும். தோற்க வேண்டும்.

மனைவி பித்தானின் நூலை அறுத்தாள். எழுந்து வந்தாள். அலமாரியைத் திறந்து, ஒரு கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே மூன்று அவித்த முட்டை.

"அப்பா, பசிச்சா இதைச் சாப்பிடுங்க. காலையிலேயே வேகவச்சு வச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

"எதுக்கும்னா?" என்றார் அளவுக்காரர்.

"ஒண்ணுமில்லைங்க. வயசானவரு, வெறும் வயித்துல இருக்கக்கூடாதே."

"இன்னும் கால் மணியே ஆகலையே!"

"ஆகலைதான். நீங்க பாருங்க. உங்க பெட்டியைப் பாருங்க. பாவம்."

மாமனார் ஒரு முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார். டக்.

அந்தச் சத்தம் அளவுக்காரரின் நடுமண்டையில் இறங்கியது. பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்தார். மீன் கண்ணாடித்தன்மை போய் ஓரத்திலிருந்து வெண்மையாகிக்கொண்டு வந்தது, விடியும்போது வானம் வெளுப்பது போல. நடுவில் ஒரு காசு அளவு மட்டும் இன்னும் வெளுக்கவில்லை. வெண்ணெய் சின்னச் சின்னதாகக் கொப்பளித்தது. அடடா. என்ன ஒரு மீன். எவ்வளவு சரியாக அடுக்கியிருக்கிறார். இதையா ரப்பராக்குவது? அந்த முட்டைக்கு முன்னாலா?

எண்கள் இறங்கின. 6:44. 6:40.

டக், டக். மாமனார் ஓட்டை உரித்தார். "உப்பு இருக்காம்மா?"

6:33.

சாவிக்காரர் நினைவுக்கு வந்தார். செஸ் பலகை நினைவுக்கு வந்தது. பித்தளைத் தூள் வாசனை வந்தது. அதற்குமேல் பூண்டு வாசனை வந்தது.

6:30.

அவர் கை போய்க் கதவைத் திறந்தது. பன்னிரண்டிலிருந்து ஆறரை போக ஐந்தரை. கச்சிதம். ஒரு விநாடி கூடக் குறைவில்லை.

"முட்டையைக் கீழே வைங்க மாமா!" என்று ஒரு சத்தம் போட்டார். அந்தக் குரலுக்கு ஊரில் மொத்த வியாபாரிகளே நடுங்குவார்கள். மாமனார் வைத்துவிட்டார்.

"ரெண்டு நிமிஷம் யாரும் தொடாதீங்க. மூடியோட நிக்கணும். வெளியே எடுத்த பிறகும் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும். அவசரப்பட்டா நடுவுல பச்சையா நிக்கும். இதெல்லாம் தெரியாதவங்கதான் ரெண்டு மணி நேரம் அடுப்பைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க."

"அப்படியாங்க?" என்றாள் மனைவி.

தட்டு மாமனார் முன்னால் வந்தபோது அவள் கடிகாரத்தை நிறுத்தினாள். பதினாலு நிமிடம் ஐந்து விநாடி.

மாமனார் முள்கரண்டியால் மீனை லேசாகத் திருகினார். அது இதழ் இதழாகப் பிரிந்தது. முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய். மூன்றாவது வாய் கொஞ்சம் வேகமாகப் போனது. உருளைக்கிழங்கை வெண்ணெய்ச் சாற்றில் புரட்டி எடுத்தார். அப்புறம் அவர் தலை நிமிரவே இல்லை. கடைசிப் பட்டாணி தட்டின் ஓரமாக ஓடப் பார்த்தது, துரத்திப் பிடித்தார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"மீன் தன்னோட ஈரத்தை விடலை."

ஐஸ் ஃபேக்டரி மாமனாரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. தன் மகள் கல்யாணத்தின்போதுகூட அவர் "ம்" என்றுதான் சொன்னவர்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு மாமா! எடுத்துக்குங்க மாமா!"

அளவுக்காரருக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் நடந்தார். வெளிநாடாக இருந்த இடம் இப்போது அவர் ஆட்சிக்குள் வந்திருந்தது. சுவரில் ஒரு பட்டியல் ஒட்டலாம் என்று தோன்றியது. எத்தனை கிராமுக்கு எத்தனை விநாடி. அக்கம்பக்கத்தாரும் வந்து எழுதிக்கொள்ளட்டும். தானும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. தன் கையால் செய்தது நாக்கில் கரையும்போது உண்டாகிற அந்த இளக்கம் அவருக்குப் புதிது. இத்தனை வருடமும் இது இந்த அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறோமே என்று ஒரு கணம் நினைத்தார்.

மாமனார் சோபாவில் சாய்ந்து கண் அயர்ந்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஜெயித்துவிட்டார்.

சரி. ஜெயித்தவன் ஜெயித்தவனாகவே நடந்துகொள்ள வேண்டும். மனைவியிடம் போனார். தொண்டையைச் செருமினார்.

"நான் வாக்கு மாறமாட்டேன். நாளைக்கே போய்ச் சரின்னு எழுதிக் கொடுத்துடு."

அவள் பச்சைப் பட்டு அங்கியை உதறித் தோள்பக்கமாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அது ஆள் இல்லாமலே நிமிர்ந்து நின்றது.

"எழுதிக் கொடுத்தாச்சுங்க."

"எப்போ?"

"போன திங்கட்கிழமை. நாளைக்கு வேலையில முதல் நாள். இதை எடுத்துட்டுப் போகணும், ராணி மூணாவது காட்சியில போட்டுக்கறது. அரை நிமிஷத்துல மாட்டிவிடணும், நானே நின்னு."

"திங்கட்கிழமையா? என்கிட்டச் சொன்னது புதன்கிழமை!"

"நடுவுல செவ்வாய்க்கிழமை பெட்டி வாங்க வேண்டியிருந்துச்சே."

அளவுக்காரர் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் ஊசி மெத்தை இருந்தது. எழுந்தார். வேறு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் பன்னிரண்டு நிமிஷம்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பார்த்தேன். பன்னிரண்டு போட்டதைப் பார்த்துட்டுத்தான் முட்டையை எடுத்து வச்சேன்."

கணக்கில் எங்கேயோ ஓட்டை இருக்க வேண்டும். இருபத்தெட்டு வருட அனுபவம் அதைத் தேடியது. கிடைத்துவிட்டது! முகம் மலர்ந்தது.

"அவ்வளவு சாமர்த்தியம் வேண்டாம். முட்டையும் பலிக்காம, மீன் கருகியே போயிருந்தா? நான் தோத்தே போயிருந்தா? அப்போ என்ன பண்ணியிருப்ப?"

மனைவி பட்டு அங்கியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கை பழகற வரைக்கும் தினமும் சாயங்காலம் செஞ்சு பாருங்கன்னு சொல்லியிருப்பேன்."